மகள் துணைப் பயிற்சியாளர் ஆகிறாள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மகள் அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்) அணியில் கேட்ச்சராக, அதாவது வீசப்படும் பந்தை மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பவராக, ஆடுகிறாள். இந்த ஆண்டு பட்டப்படிப்பு முடிகிறது. வேறு வேலை தேடாமல், ஏதேனும் ஒரு கல்லூரியில் துணைப் பயிற்சியாளராகச் சேரப்போவதாகச் சொல்கிறாள். இதை நம்பி வாழ முடியுமா? காலம் முழுவதும் இன்னொருவருக்குக் கீழேயே நிற்க வேண்டியிருக்குமா? – ஒரு தந்தை

பதில்: 'துணை' என்ற சொல்தான் உங்களை உறுத்துகிறது என்று எண்ணுகிறேன். அந்த அணிகளில் வேலை எப்படிப் பகிரப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் உறுத்தல் பெருமளவு குறையும். அணி முழுவதற்கும் பொறுப்பேற்பவர் தலைமைப் பயிற்சியாளர். ஆனால், பந்து கையை விட்டுப் பிரியும் கணத்தில் பந்து வீசும் பிட்ச்சரின் மணிக்கட்டு எப்படித் திரும்புகிறது என்பதையும், மட்டை பிடிப்பவர் முன்காலை எங்கே ஊன்றுகிறார் என்பதையும் நாள்தோறும் பார்த்துத் திருத்துபவர் பெரும்பாலும் துணைப் பயிற்சியாளரே. கல்லூரி ஆட்டத்தில் பிட்ச்சர் நிற்கும் இடத்துக்கும் மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி தூரமே உண்டு. கையைக் கீழிருந்து முழுவட்டமாகச் சுழற்றி, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து அரை நொடிக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. அதற்குள் யோசிக்க நேரமில்லை என்பதால், யாருக்கு எந்தப் பந்தை வீசுவது என்ற யோசனை முன்கூட்டியே நடந்திருக்க வேண்டும். எதிரணியின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்துக் குறிப்பெடுப்பதும், பல அணிகளில் களத்தின் ஓரத்தில் அணியினர் அமரும் டக்அவுட்டிலிருந்து எண்களாலான சைகையால் ஒவ்வொரு பந்தையும் தேர்ந்து சொல்வதும் துணைப் பயிற்சியாளரின் வேலைதான். அந்த எண்ணைக் கையில் கட்டிய அட்டையில் பார்த்துப் பொருள் அறிந்துகொள்ளும் கேட்ச்சர், களம் முழுவதையும் எதிர்நோக்கி உட்கார்ந்திருப்பவர். உங்கள் மகள் இந்த வேலையின் பாதியை ஏற்கெனவே கற்றுக்கொண்டிருக்கிறார்.

அவரைப் போலவே கேட்ச்சராக இருந்த கெல்லி இனோவே-பெரஸ், லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியில் ஆடி, அங்கேயே பத்தாண்டுக்கும் மேல் துணைப் பயிற்சியாளராக இருந்து, 2007 முதல் தலைமைப் பொறுப்பில் இருப்பவர். 2010-லும் 2019-லும் அவருடைய அணி தேசியப் பட்டம் வென்றது. அதே அணியில் லிசா ஃபெர்னாண்டஸும் இருக்கிறார். 1996, 2000, 2004 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற அவர், தாம் படித்த பல்கலைக்கழகத்திலேயே நெடுங்காலம் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். அந்தப் பதவியைத் தாழ்ந்தது என்று அவர் கருதியிருந்தால் அத்தனை காலம் அங்கே இருந்திருக்க மாட்டார்.

பிழைப்பைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில், 2023 ஜூன் வரை ஒரு சாஃப்ட்பால் அணி ஊதியம் பெறும் துணைப் பயிற்சியாளர்கள் இருவரையும் 'தன்னார்வப் பயிற்சியாளர்' ஒருவரையும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அந்தத் தன்னார்வலர் மற்ற இருவரைப் போலவே உழைத்தாலும் கல்லூரி அவருக்குச் சம்பளம் தர விதி இடம் கொடுக்கவில்லை. கோடைப் பயிற்சி முகாம்களில் கிடைக்கும் பணத்தையும் வேறு வேலைகளையும் வைத்துக்கொண்டுதான் பலர் காலம் தள்ளினர். உழைப்பைப் பெற்றுக்கொண்டு ஊதியத்தை மறுத்த அந்த விதி அநியாயமானது என்பதே என் கருத்து. 2023 ஜூலை 1 முதல் அந்தத் தன்னார்வப் பதவி நீக்கப்பட்டு, தலைமைப் பயிற்சியாளருடன் மூன்று துணைப் பயிற்சியாளர்கள் இருக்கலாம் என்று ஆனது. ஆனால், விதி ஊதியத்தை அனுமதிக்கிறதே தவிர, இவ்வளவு கொடு என்று எந்தக் கல்லூரியையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே, சம்பளம் எவ்வளவு, மருத்துவக் காப்பீடு உண்டா, ஒப்பந்தம் எத்தனை மாதங்களுக்கு என்ற மூன்றையும் எழுத்தில் பெற்ற பிறகே உங்கள் மகள் சம்மதிக்க வேண்டும். முதுகலை படித்துக்கொண்டே அணியில் பணிபுரியும் 'பட்டதாரி உதவியாளர்' இடம் கிடைத்தால், படிப்புச் செலவு குறைவதோடு தொழிலும் பழகும் என்பதால் அதையே தொடக்கமாகக் கொள்ளுமாறு சொல்வேன்.

கேள்வி: ஆட்டக்காலம் சில மாதங்கள்தானே. மற்ற மாதங்களில் துணைப் பயிற்சியாளருக்கு என்ன வேலை? – ஒரு கல்லூரி மாணவி

பதில்: பிப்ரவரியில் தொடங்கும் ஆட்டக்காலம், தேசியப் பட்டத்தைத் தீர்மானிக்க ஓக்லஹோமா நகரில் நடக்கும் மகளிர் கல்லூரி உலகத் தொடர் வரை தாக்குப்பிடிக்கும் அணிக்கு ஜூன் வரை நீளும். வழக்கமான ஆட்டங்களே 56 வரை இருக்கலாம். அது முடிந்தவுடன் புதிய ஆட்டக்காரர்களைத் தேடும் பணி தொடங்கிவிடும். கோடைவெயிலில் பள்ளி வயதுச் சிறுமிகளின் கிளப் போட்டிகளைக் காலை முதல் இரவு வரை பார்த்து, யார் தவறு செய்த பின் எப்படி நடந்துகொள்கிறார் என்பதுவரை குறித்துவைப்பதும் துணைப் பயிற்சியாளரின் கடமையே. முதல் பிரிவு விதிப்படி, மாணவி பதினோராம் வகுப்பில் இருக்கும் ஆண்டின் செப்டம்பர் 1-க்கு முன் அவரிடம் சேர்க்கை பற்றிப் பேசக்கூடாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தைகளிடமே வாக்குறுதி வாங்கிய பழக்கம் 2018-இல் வந்த இந்த விதியால்தான் அடங்கியது. அது மிக நல்ல மாற்றம். இலையுதிர்காலத்தில் மீண்டும் பயிற்சி தொடங்கும். ஆட்டக்காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்ற வரம்பு ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே உண்டு. பயிற்சியாளரின் நேரத்துக்கு அப்படிப்பட்ட வரம்பு ஏதும் இல்லை.

கேள்வி: தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டால் அவருடைய துணைப் பயிற்சியாளர் என்ன ஆவார்? – ஒரு வாசகர்

பதில்: பெரும்பாலும் அவரும் போக வேண்டியதுதான். புதிதாக வருபவர் தமக்கு நம்பிக்கையானவர்களை அழைத்துவருவது அங்கே வழக்கம். சில வேளைகளில், ஏற்கெனவே சேர்ந்த மாணவிகள் கலைந்துபோகாமல் இருக்க ஒருவரை மட்டும் நிறுத்திக்கொள்வார்கள். மாணவிகள் மனம் விட்டுப் பேசும் பயிற்சியாளரே அநேகமாக அந்த ஒருவராக இருப்பார். அந்த வாய்ப்புக் கிடைக்காதவர்கள், சாஃப்ட்பால் பயிற்சியாளர்களின் அமைப்பான தேசிய ஃபாஸ்ட்பிட்ச் பயிற்சியாளர்கள் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் பழகியவர்கள் வழியாகவோ, முன்பு உடன் பணிபுரிந்தவர்கள் வழியாகவோ அடுத்த இடத்தைத் தேடுகிறார்கள். புதிய ஊரில் வீடு பிடித்து, முகம் தெரியாத இருபதுக்கும் மேற்பட்ட பெண்களின் பெயர்களையும் அவர்கள் மட்டை வீசும் விதத்தையும் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.