விட்டுப்போன துண்டு

கேள்வி: புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் நடக்கப் போனால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது. அரை டவுசர், கசங்கிய பனியன், நைட்டி! பொது இடத்துக்கு நன்றாக உடுத்தி வருவது மற்றவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை இல்லையா?
– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: மரியாதைதான். ஆனால் அதை நீங்கள் துணிக்கடைப் பொம்மையில் தேடுகிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார். தெருமுனையில் அவருடைய பழைய வாத்தியார் தலை தெரிந்தால் போதும், பேச்சு நிற்காது. கை மட்டும் தன்பாட்டுக்குக் கீழே போய் மடிப்பை அவிழ்த்துவிடும். வாத்தியார் தாண்டிப் போனதும் வேட்டி மறுபடி மேலே ஏறும். அதே பழுப்பேறிய நாலு முழம்தான். வாத்தியார் கவனித்தாரா என்பதுகூட அப்பாவுக்கு முக்கியமில்லை.

இதையே வாத்தியார் நின்று, “அவிழ்த்து விடுடா” என்று அதட்டியிருந்தால்? தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பண்ணையார் வாசலில் நிற்க வேண்டியிருந்தவர்களுக்கும் அதை மரியாதை என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். உங்கள் ஊர்க்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1873-ல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பிய பூட்ஸ் போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். வெள்ளைக்காரர் போட்டால் அது நாகரிகம். இவர் போட்டதும் கோர்ட்டுக்கு அவமரியாதை ஆகிவிட்டது. மனிதர் விடவில்லை. பாரிஸ் வரை மேல்முறையீடு செய்து ஜெயித்தார். அவர் நன்றாக உடுத்தியதுதான் அங்கே குற்றம் என்பதைக் கவனியுங்கள்.

அதனால், ‘எனக்கு மரியாதை கொடுத்து உடுத்து’ என்று எவராவது சொன்னால் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். அரை டவுசர்காரருடன் எனக்குச் சண்டையில்லை. சித்திரைப் புழுக்கத்தில் காற்று வாங்க வருகிறவர் கோட்டா மாட்டிக்கொண்டு வருவார்? பனியன்காரர் விஷயத்தில் உங்கள் கட்சி, ஆனால் கசங்கியதற்காக அல்ல, துவைக்காமல் வந்திருந்தால். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற பழமொழியில் இஸ்திரி எங்கேயும் வரவில்லை. கடலூர் பஸ்ஸில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தவர்களுக்கு இது விளங்கும்.

அப்புறம் நைட்டி. இதில் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: அதன்மேல் குறுக்கே போட்டிருக்கும் துண்டு. கடற்காற்று அதை ஒரு பக்கம் இழுக்கும், பிள்ளை கையை ஒரு பக்கம் இழுக்கும். இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் அந்தம்மா நடக்கிறார். வீட்டில் இருந்தவரை அது கொடியில் கிடந்த துண்டு. எதிரே உங்களைப் போல நாலு பேர் வருவார்கள் என்றுதான் எடுத்துப் போட்டுக்கொண்டார். உங்கள் கணக்கில் அதை வரவு வைத்ததாகத் தெரியவில்லையே!