உறைபனிக்கு முன் தோட்டத்தில் எதை, எப்போது செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டைச் சுற்றிப் புல்தரை, ரோஜாச் செடிகள், இரண்டு வயதான ஆப்பிள் கன்றுகள், ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காத வேலிச்செடிகள், சில தொட்டிச் செடிகள் ஆகியவை உள்ளன. சென்ற குளிர்காலத்தில் வேலிச்செடியின் இலைகள் பழுப்பேறிக் காய்ந்தன; இரண்டு மண்தொட்டிகளும் வெடித்துவிட்டன. எனவே இம்முறை உறைபனிக்கு ஒரு மாதம் முன்பே எல்லாவற்றையும் கவாத்து செய்து (கிளைகளை வெட்டிவிட்டு), உரமிட்டு, செடியடி மண்ணின் மேல் சருகு பரப்பிக் கனமாக மூடாக்கும் போட்டுவிட எண்ணியுள்ளேன். இது சரிதானா?

பதில்: முன்கூட்டியே யோசித்திருப்பது நல்லது. ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று வேலைகளையும் அந்த நேரத்தில் செய்ய வேண்டாம் என்று உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன். பகற்பொழுது குறைந்து குளிர் கூடும்போது செடிகள் தாமாகவே வளர்ச்சியை நிறுத்தி, தண்டை முற்றவிட்டு, உறக்கநிலைக்குத் தயாராகின்றன. அந்த வேளையில் கவாத்து செய்து தழைச்சத்து உரமும் இட்டால், உறங்கப்போகும் செடியைத் தட்டி எழுப்பியதுபோல் இளந்தளிர்கள் கிளம்பும்; நீர் மிகுந்த அத்தளிர்கள் முதல் உறைபனியிலேயே கருகிப்போகும். காய்ந்த, முறிந்த, நோயுற்ற கிளைகளை மட்டும் இப்போது நீக்குங்கள். ரோஜா, ஆப்பிள் ஆகியவற்றின் முழுக் கவாத்தைக் குளிர்காலத்தின் இறுதியில், மொட்டுகள் விரியுமுன் வைத்துக்கொள்ளலாம்.

வேலிச்செடி காய்ந்ததற்குக் குளிரைவிடத் தாகமே பெரிய காரணமாக இருந்திருக்கும். பச்சை இலைகள் வெயிலிலும் காற்றிலும் நீரை இழந்துகொண்டே இருக்க, மண் உறைந்திருப்பதால் வேரால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடிவதில்லை. ஆகவே மண் உறையும்வரை, மழை போதாத வாரங்களில் ஆழமாக நீர் பாய்ச்சுங்கள். பாய்ச்சிய மறுநாள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் அழுத்திப் பாருங்கள். ஈரமுள்ள ஆழம்வரை எளிதாக இறங்கும் கம்பி, உலர்ந்த மண் தட்டுப்பட்டதும் நின்றுவிடும். 20 முதல் 30 செ.மீ. வரை இறங்கினால் போதுமானது. ஈரமண் உலர்மண்ணைவிட வெப்பத்தை அதிகம் தேக்கி வைக்கும் என்பதும் இதில் ஒரு நன்மை. தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் முதலில் வடிகால் அமையுங்கள், ஏனெனில் குளிர்ந்த சேற்றில் வேர் அழுகிவிடும்.

மூடாக்கு மண்ணைச் சூடாக்குவதற்காகப் போடப்படுவதில்லை. மண் உறைவதும் இளகுவதும் மாறிமாறி நிகழும்போது சிறு செடிகள் வேரோடு மேலே தள்ளப்படுகின்றன. அதைத் தடுப்பதே மூடாக்கின் முக்கிய வேலை. எனவே மண் நன்கு குளிர்ந்த பிறகு 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். ஆப்பிள் கன்றின் தூரைச் சுற்றி நான்கு விரற்கடை இடைவெளி விடுவது கட்டாயம். தூரை ஒட்டிச் சருகைக் குவித்தால் எலிகள் அதனுள் தங்கிப் பட்டையைக் கொறிக்கும். பட்டை சுற்றிலும் கொறிக்கப்பட்ட கன்றைக் காப்பாற்றுவது மிகக் கடினம். சிறுகண் கம்பிவலையைத் தூரைச் சுற்றி, அடிப்பகுதி மண்ணில் புதையும்படி கட்டிவிடுங்கள். பகல் வெயிலில் சூடேறும் பட்டை இரவில் திடீரெனக் குளிர்ந்து வெடிப்பதும் இளங்கன்றுகளில் வழக்கம் என்பதால், அடித்தண்டில் நீர்த்த வெள்ளைப் பூச்சு அடிப்பது பயன் தரும்.

புல்தரையில் ஈரச் சருகு அடுக்கடுக்காகப் படிந்தால் புல் மூச்சுமுட்டி அழுகும். அதை வாரிப் பொடித்து மூடாக்காக்கலாம். கரும்புள்ளி நோய் கண்ட ரோஜா இலைகளை மட்டும் அதில் சேர்க்காமல் அப்புறப்படுத்துங்கள், ஏனெனில் நோய்ப்பூசணம் அவற்றில் குளிர்காலத்தைக் கடந்துவிடும்.

தொட்டி வெடித்தது இயல்பே. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. சுட்ட மண் தன் நுண்துளைகளில் உறிஞ்சி வைத்த நீரும் அவ்வாறே விரிந்து தொட்டியைப் பிளக்கிறது. காலித் தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்து, மழைபடாத இடத்தில் வையுங்கள். செடியுள்ள தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றி, சுவரோரமாக நெருக்கி வைத்து, பக்கங்களைச் சாக்கால் சுற்றுங்கள். தரையில் உள்ள வேரைப்போல் அல்லாமல் தொட்டி வேரைக் குளிர் நாற்புறமும் தாக்கும். தோட்டக் குழாய் வெடிப்பதற்கும் நீர் உறைந்து விரிவதே காரணம் என்பதால், வீட்டினுள் இருக்கும் வால்வை மூடி, மிச்ச நீரை வடித்துவிட்டு, வெளிக்குழாயைத் திறந்தே விடுங்கள்.

பனி பொழிந்தபின் வேலிச்செடியின் கிளைகள் வளைந்து தொங்கினால், துடைப்பத்தால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டி விடுங்கள். பனிக்கட்டியாக உறைந்துவிட்டிருந்தால் தொடாதீர்கள். கிளை முறியும், தானே உருகட்டும்.