வாசகர் கேள்வி – பதில்: பயமும் சிரிப்பும் ஒரே அட்டைக்குள்

கேள்வி: சர்ச் தெருவில் உள்ள பழைய புத்தகக் கடை ஒன்றில் நூறாண்டுக்கு முந்தைய ஆங்கிலச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். பாதி ஆவிக்கதைகள், பாதி வேடிக்கைக் கதைகள். ஒன்றைப் படித்து நடுங்கிய பிறகு அடுத்ததற்குச் சிரிக்க முடியவில்லை. இரண்டையும் ஏன் கலக்கிறார்கள்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: தொகுத்தவரை நோகாதீர்கள், எழுதியவர்களே அப்படிப்பட்டவர்கள்தாம். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் துறைமுகத்து மாலுமிகளின் அசட்டுத்தனங்களை எழுதிச் சிரிக்க வைத்துப் பெயர் பெற்றவர். 'குரங்கின் பாதம்' என்ற கதையை 1902இல் எழுதியவரும் அவரே. அதில் மந்திரப் பாதத்தைக் கையில் ஏந்தித் தந்தை இருநூறு பவுண்டு வேண்டும் என்று கேட்கும்போது, மகன் பியானோவை ஓங்கித் தட்டி அவரைக் கேலி செய்கிறான். மறுநாள் அதே இருநூறு பவுண்டு, இயந்திரத்தில் சிக்கி இறந்த அந்த மகனுக்கான இழப்பீடாக வீடு தேடி வருகிறது. முன்னிரவின் கேலி இல்லாவிட்டால் அந்தத் தொகை நம்மை இவ்வளவு உலுக்குமா? கடைசியில் கதவைத் தட்டுவது யார் என்பதை ஜேக்கப்ஸ் காட்டுவதே இல்லை. எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது வேடிக்கை எழுதிப் பழகிய கைக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பர்மாவில் 1870இல் பிறந்து, சாகி என்ற புனைபெயரில் எழுதிய மன்ரோ இன்னும் குறும்புக்காரர். 'திறந்த ஜன்னல்' கதையில், மூன்றாண்டுகளுக்கு முன் வேட்டைக்குப் போய்ச் சதுப்பில் மூழ்கியவர்கள் இந்த ஜன்னல் வழியாகத் திரும்பி வருவார்கள் என்று அத்தை காத்திருப்பதாகப் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி விருந்தாளியிடம் சொல்கிறாள். அந்தி மயங்கும் வேளையில் அவர்கள் உண்மையிலேயே நாயோடு நடந்து வர, மனிதர் தலைதெறிக்க ஓடுகிறார். இறந்தவர் ஒருவரும் இல்லை. அவ்வளவும் அவள் அளந்த கதை! ஏன் ஓடினார் என்று வந்தவர்கள் கேட்டால், கங்கைக் கரையில் தெருநாய்கள் துரத்தி, இடுகாட்டில் புதிதாக வெட்டிய குழிக்குள் ஓர் இரவைக் கழித்தவராம், அதனால் நாயைக் கண்டாலே அச்சமாம் என்று கண் இமைக்காமல் இன்னொரு கதை விடுகிறாள். கதை விடும் தன் திறமையைக் காட்டி விளையாட அவளுக்கு ஆவிதான் வேண்டியிருந்தது.

உங்கள் சிக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இவற்றில் பல முதலில் பத்திரிகைகளில் தனித்தனியாக வெளிவந்தவை. ஒரே மூச்சில் படிக்காமல், இரவுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதினொரு வயது மகனுக்கு இத்தகைய கதைகளைப் படித்துக் காட்டலாமா? தமிழில் உண்டா?
– வாசகர், இந்திராநகர், பெங்களூரு

பதில்: குரங்கின் பாதத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுங்கள். ஆஸ்கார் வைல்டு 1887இல் எழுதிய 'கான்டர்வில் ஆவி'யில் தொடங்கலாம். அதில் ஆவி சங்கிலியை இழுத்துக்கொண்டு வர, அமெரிக்க வீட்டுக்காரர், சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது, இந்த எண்ணெயைப் போடுங்கள் என்று புட்டியை நீட்டுகிறார். அவர்கள் துடைத்தெடுக்கும் இரத்தக் கறையைப் புதுப்பிக்க அந்த வீட்டுப் பெண்ணின் வண்ணப் பெட்டியைத் திருடும் ஆவி, சிவப்பு தீர்ந்துபோய்க் கடைசியில் கறையைப் பச்சையாகவே பூசுகிறது. பிள்ளைகள் இந்த இடத்தை மறுபடி படிக்கச் சொல்வார்கள்.

தமிழில் புதுமைப்பித்தன் ஒருவரே இரு கரைகளிலும் நின்றவர். சென்னை வீதிக்கு வந்த கடவுளைக் காப்பி ஹோட்டலுக்கு அழைத்துச் செல்லும் கந்தசாமிப் பிள்ளையை மகனுக்கு இப்போதே அறிமுகப்படுத்தலாம். 'காஞ்சனை' என்ற பேய்க்கதையை அவன் உறங்கிய பிறகு நீங்கள் படியுங்கள்.