ஆவி, புகை, தைலம்: எது மூக்கோடு நிற்கும், எது நெஞ்சுக்குள் போகும்?

கேள்வி: சளி பிடித்தால் நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது வழக்கம். நுரையீரலில் இருக்கும் சளியை அது கரைக்குமா? குழந்தைகளுக்கும் பிடிக்கலாமா?

பதில்: ஆவி நுரையீரல் வரை போவதில்லை. மூக்கிலும் தொண்டையிலுமே படிந்து ஆறிவிடும். அடைப்பு சற்று இளகும், தொண்டை வறட்சி குறையும், அவ்வளவுதான். கிருமியைக் கொல்லும் அளவுக்குச் சூடு உள்ளே போனால், கிருமிக்கு முன்னால் உங்கள் மூக்குச் சவ்வுதான் வெந்துபோகும். நொச்சியோ துளசியோ போடுவதில் பெரியவர்களுக்குப் பொதுவாகக் கெடுதல் இல்லை; கழுவிப் போடுங்கள். தடவைக்கு 5 நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை போதும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆவியே இருமலையும் இழுப்பையும் கிளப்பலாம், கிளப்பினால் விட்டுவிடுங்கள்.

உண்மையான ஆபத்து பாத்திரத்தில் இருக்கிறது. தரையில் சம்மணம் போட்டு, கால்களுக்கு நடுவே குண்டானை வைத்து, மேலே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறார்கள். ஒரு தும்மல் வந்து முழங்கால் தட்டினால் கொதிநீர் முழுக்கத் தொடையிலும் அடிவயிற்றிலும் கொட்டும். அடுப்பை அணைத்து 2 நிமிடம் பொறுங்கள். அடி அகலமான கனத்த பாத்திரத்தில் அரை லிட்டர் மட்டும் ஊற்றி, ஆடாத மேசைமேல் சுவரை ஒட்டி வையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை ஒரு அடி தள்ளி வையுங்கள். போர்வை வேண்டாம், துண்டு போதும். தப்பித்தவறிக் கொட்டிவிட்டால் நனைந்த துணியைக் களைந்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் பூசக் கூடாது.

குழந்தைகளுக்கு ஆவி வேண்டவே வேண்டாம். 60 டிகிரி தண்ணீர் பெரியவர் தோலையே சுமார் 5 விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது. மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் மூக்குச் சொட்டு போதும்.

கேள்வி: ஓமம், கிராம்பு, கற்பூரம் மூன்றையும் துணியில் முடிந்து எட்டு மாதக் குழந்தையின் தொட்டிலில் கட்டியிருக்கிறோம். ஆக்சிஜன் கூடும் என்கிறார்களே?

பதில்: இன்றே அவிழ்த்துவிடுங்கள். கற்பூர வாடை மூக்கிலுள்ள குளிர்ச்சி உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. அதனால் மூச்சு தாராளமாகப் போவதுபோல் தோன்றும். அடைப்பு அப்படியே இருக்கும், ஆக்சிமீட்டரில் எண்ணும் ஏறாது. ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். கைக்குழந்தைகளுக்கு அதனால் வலிப்பு வரலாம். முடிச்சு அவிழ்ந்து வாயில் போட்டுக்கொண்டால் இன்னும் மோசம்: சுமார் 1 கிராம் விழுங்கிய சின்னக் குழந்தை இறந்ததுண்டு. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வலிப்பு சில நிமிடங்களிலேயே வந்துவிடலாம். பச்சைக் கற்பூரம் ஆனாலும் சூடம் ஆனாலும் இதே கதைதான். இரண்டு வயதுக்குள் கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலத்தை மூக்கருகே தடவுவதும் கூடாது. மெந்தால் நெடியில் பச்சிளங்குழந்தைக்குக் குரல்வளை இறுகி மூச்சே நின்றுபோகலாம்.

கேள்வி: வீட்டில் நெபுலைசர் இருக்கிறது. அதில் நீலகிரித் தைலம் இரண்டு சொட்டு விடலாமா? ஹைட்ரஜன் பெராக்சைடு விடச் சொல்லியும் வாட்ஸ்அப்பில் வந்தது.

பதில்: இரண்டும் கூடாது. ஆவி மூக்கோடு நின்றுவிடும் என்று சொன்னோமே, நெபுலைசர் அதற்கு நேர்மாறு. மருந்தை 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளிகளாக உடைத்து மூச்சுச் சிற்றறைகள் வரை இறக்குவதற்கென்றே செய்யப்பட்ட கருவி அது. அதில் எண்ணெய் விட்டால் எண்ணெயும் அங்கேயே போய்த் தங்கும். பெராக்சைடு புண் கழுவவும் சாயம் வெளுக்கவும் உதவும் பொருள். எவ்வளவு நீர்த்தாலும் மூச்சுக்குழாயின் உட்சவ்வை அரிக்கும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம்: கிருமி இருக்கலாம், உப்பில்லாத நீர் ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை இறுக்கவும் செய்யும்.

மருத்துவர் எழுதிய மருந்தையும், அளவு போதாவிட்டால் அவர் சொன்னபடி 0.9 சதவீத சலைனையும் மட்டும் விடுங்கள். மொத்தம் 3, 4 மில்லி இருந்தால் போதும். பல வீடுகளில் 100 மில்லி சலைன் பாட்டிலை ஊசியால் குத்தி, வாரக்கணக்கில் ஃபிரிட்ஜ் கதவில் வைத்து எடுக்கிறார்கள். குத்திய துளை வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். ஒரு தடவைக்கான சிறு பிளாஸ்டிக் குப்பிகளே நல்லது. ஒவ்வொரு முறையும் மருந்துக் கிண்ணத்தையும் மாஸ்க்கையும் சோப்பு நீரில் கழுவி, உதறி, சுத்தமான துணிமேல் காயவிடுங்கள். ட்யூபைக் கழுவாதீர்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் ட்யூபை மட்டும் மாட்டி மெஷினைச் சில நிமிடம் ஓடவிடுங்கள்.

கேள்வி: குளிப்பாட்டியதும் குழந்தை மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது எங்கள் ஊர் வழக்கம். பாட்டி கேட்க மாட்டேன் என்கிறார்.

பதில்: பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள்: தண்ணீர் புரையேறினால் குழந்தை இருமித் தள்ளிவிடும்; எண்ணெய் இருமலே வராமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கும். உடலால் அதை எளிதில் கரைக்க முடியாது. அங்கேயே தங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு அது மசியாது. எண்ணெயை உடம்புக்குத் தேய்க்கட்டும், மூக்கு வேண்டாம்.

கேள்வி: தலைக்குக் குளித்ததும் சாம்பிராணி?

பதில்: கரித்துண்டில் போட்டாலும் கப் சாம்பிராணி என்றாலும் புகை புகைதான். கரியில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் வரும்; அதற்கு வாடையே இல்லை. பெரியவர்கள் ஜன்னலைத் திறந்துவைத்துத் தலையைக் காட்டிக்கொள்ளலாம். கைக்குழந்தை, ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் அறையில் வேண்டாம்.

கேள்வி: ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகைத்தால் மூச்சிரைப்பு நிற்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் மூச்சுக்குழாயை விரிக்கும். ஒரு காலத்தில் மேலைநாடுகளில் ஆஸ்துமா சிகரெட்டாகவே விற்றார்கள். ஆனால் இலைக்கு இலை நச்சின் அளவு மாறும். சற்றே கூடினால் நாக்கு வறண்டு, கண்பாவை விரிந்து, இதயம் படபடத்து, சிறுநீர் கட்டி, பிதற்றல் வரை போகும். அட்ரோபினைத் திருத்தி, மூளைக்குள் நுழையாதபடி உருவாக்கிய இப்ராட்ரோபியம் என்ற மருந்து இன்ஹேலராகவே கிடைக்கும்போது இலை எதற்கு?

இரைப்பு திடீரென்று கூடினால் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள். மருத்துவர் தந்த சால்பியூட்டமால் இன்ஹேலரை ஸ்பேசரில் (மருந்தைத் தேக்கி மெதுவாக இழுக்க உதவும் பிளாஸ்டிக் குழல்) பொருத்தி ஒரு பஃப் அழுத்துங்கள். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை விட்டு அடுத்தது. 10 பஃப் வரை தரலாம். அடங்காவிட்டாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை பஃப் தொடரட்டும்.