விசாவே இல்லாத ஊருக்கு விசா கட்டணம் எதற்கு?

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயம் செய்கிறோம். சம்பா அறுவடை முடிந்ததும் நான், மனைவி, 61 வயது அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகன் என நாலு பேரும் ஐந்து நாள் மலேசியாவின் பினாங்கு தீவுக்குப் போய்வர ஆசை. சாப்பாடு, கடைத்தெரு, கடற்கரை பார்க்க வேண்டும். மகனுக்கு மலை ஏற வேண்டும். ஏஜென்ட் ஒருவர் லங்காவி என்ற இன்னொரு தீவையும் சேர்த்து பேக்கேஜ் சொல்கிறார். விசாவுக்குத் தலைக்கு 4,500 ரூபாய். அம்மா பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) என்று இருப்பதால் ‘ஏர்போர்ட் செட்டிங்’ செய்யத் தனியாக 15,000 ரூபாய். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். லங்காவியையும் விட்டுவிடுங்கள். ஐந்து நாளில் போகவர இரண்டு நாள் கழிந்துவிடும். மிச்சம் மூன்று நாளுக்கு பினாங்கே தாராளம்.

சுற்றுலா போகும் இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பயணம் அந்தத் தேதியைத் தாண்டினால் மட்டும், டிக்கெட் எடுக்கும் முன் மலேசியத் தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், ஓட்டல் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி மூன்றையும் காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வையுங்கள். போனில் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். கவுன்டர் முன்னால் நிற்கும்போதுதான் சார்ஜ் தீரும்.

ஏஜென்ட்டுகள் ‘இ-விசா’ என்று காட்டுவது பெரும்பாலும் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையைத்தான். அது இலவசம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள், மகனுக்கும் சேர்த்து ஆளுக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும். பாஸ்போர்ட் எண், விமான எண், தங்கும் ஓட்டலின் முகவரி, மின்னஞ்சல், இவ்வளவுதான் கேட்பார்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே போடுங்கள்; இனிஷியல் விரிந்திருந்தால் விரித்தே எழுதுங்கள். கூகுளில் தேடினால் மேலே வருவதில் பல பணம் பறிக்கும் போலித் தளங்கள். தள முகவரியில், இரட்டைச் சாய்கோட்டை விட்டு அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடிய வேண்டும். நடுவில் கோடு போட்டு ‘ஜிஓவி-எம்ஒய்’ என்று இருந்தால் மூடிவிடுங்கள். கார்டு எண் கேட்டாலும் மூடிவிடுங்கள்.

அடுத்து, அம்மாவின் இ.சி.ஆர். முத்திரை. டெல்டாவில் ஏஜென்ட்டுகள் அதிகம் காசு பார்ப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போய் ஏமாறக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. அந்தக் கட்டுப்பாடு உள்ள 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஆனால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டியது வேலைக்குப் போகிறவர்கள்தான். சுற்றுலாவுக்குப் போக அது தேவையே இல்லை. அதற்கும் மேலே, 50 வயது தாண்டியவர்களை அரசே அந்தப் பட்டியலிலிருந்து விலக்கியிருக்கிறது. அம்மாவின் பிறந்த தேதி அதே பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கிறது. இருந்தும் பழைய முத்திரை அப்படியே நிற்கிறது. எடுக்க வேண்டுமானால் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு நடக்க வேண்டும். வயதைப் பார்த்துக் கம்ப்யூட்டரே நீக்க வேண்டிய ஒன்றுக்காக ஒரு வயதான அம்மாவை வரிசையில் நிற்க வைப்பது அநியாயம். ஆனால் இந்தப் பயணத்துக்கு அது அவசியமில்லை. அம்மா தனியாகக் கவுன்டருக்குப் போகாமல் உங்களோடு சேர்ந்தே நிற்கட்டும். எங்கே, எத்தனை நாள், யாரோடு என்று அதிகாரி கேட்பார். அம்மாவே வாயைத் திறந்து சொல்லட்டும். ‘செட்டிங்’ என்று வாங்கும் பணத்துக்கு நடப்பது ஒன்றுமில்லை. எப்படியும் போகப்போகிறவரைத் தான் அனுப்பிவைத்ததாகச் சொல்லிக்கொள்வார்கள்.

டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து பினாங்கு ஒரு மணி நேரம். இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டும். இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். மலிவாகத் தெரியும் சில பினாங்கு விமானங்கள் சுபாங் என்ற வேறு விமான நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டில் ஊர்ப் பெயரோடு நிலையத்தின் பெயரையும் டெர்மினல் எண்ணையும் படியுங்கள். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் நீங்கள் போகும் தை, மாசியில்தான் வரும். அறை வாடகை எகிறும். சீனப் புத்தாண்டில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். அந்த வாரங்களைத் தவிருங்கள். மற்றபடி அங்கே மழை குறைந்த மாதங்கள் அவைதான். வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ‘எல்லாம் அடக்கம்’ என்கிற பேக்கேஜில் இது பெரும்பாலும் அடங்காது.

தங்குவதற்கு பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன். மகா மாரியம்மன் கோயில் இருக்கும் குயின் தெருப் பக்கம் அறை எடுத்தால் அம்மாவுக்கு இட்லியும் கோயிலும் நடந்துபோகிற தூரம். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்காவும் உண்டு. நாசி கண்டார் கடையில் சோறு, பொரியல், மேலே நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றித் தருவார்கள். பெரிய இறாலையும் மீன்சினையையும் விலை கேட்காமல் கை காட்டாதீர்கள். பில் ஏறுவது அங்கேதான். அம்மா சைவம் என்றால் வெறும் கீரைப் பொரியலிலும் ‘பெலாச்சான்’ என்கிற இறால் விழுது இருக்கும்; கேட்டுச் சாப்பிடுங்கள்.

பினாங்கு மலை 833 மீட்டர். நம் பக்கம் ஏறிப் பழக சுவாமிமலையின் 60 படியை விட்டால் வேறில்லை. மகனுக்கு ஒரு வழி: தாவரவியல் பூங்கா பக்கமிருந்து மேலே போகும் ஜீப் பாதை, ஐந்து கிலோமீட்டர், செங்குத்தான தார் ரோடு. காலை ஏழு மணிக்கு, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு நீங்கள் இருவரும் கிளம்புங்கள். இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும். அம்மாவும் மனைவியும் மலை ரயிலில் வரட்டும். இறங்கும்போது எல்லோரும் ரயிலிலேயே இறங்குங்கள். முட்டி போவது இறக்கத்தில்தான். கையில் கவர் தெரிந்தால் குரங்கு பிடுங்கும்.

கடல் பற்றி ஒன்று. ‘பத்து ஃபெரிங்கி’ என்ற கடற்கரையில் மணல் நன்றாக இருக்கும். தண்ணீர் கண்ணாடிபோல் இருக்காது. சொறிமீன் (ஜெல்லி மீன்) உண்டு, எச்சரிக்கைப் பலகை இருந்தால் முட்டியளவுக்குக்கூட இறங்காதீர்கள். தெலுக் பஹாங் தேசியப் பூங்காவில் காட்டுவழியாக நடந்து கெராச்சுட் கடற்கரைக்குப் போய்ப் படகில் திரும்பலாம். படகு ஏறும் முன் கட்டணம் தலைக்கா, படகுக்கா என்று பேசி முடியுங்கள். இரண்டு இடத்துக்கும் 101 எண் பஸ் போகும். சில்லறை தர மாட்டார்கள், சரியான காசு வேண்டும்.

வாங்குவதற்கு ஜாதிக்காய்ப் பண்டங்களும் தைலமும் நல்லவை. அந்த ஊர்ப் பாசிப்பருப்பு பிஸ்கட்டில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். அட்டையைப் படித்து வாங்குங்கள். தங்கம் வேண்டாம். வரியில்லாமல் நகை கொண்டுவரும் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான். அம்மா போட்டுப்போகும் நகை கனமானதென்றால், அது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று திரும்பும்போது காட்ட, கிளம்பும்போதே திருச்சி சுங்கக் கவுன்டரில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். திரும்பும்போது கோலாலம்பூரில் யாராவது ‘நம்ம ஊர்தானே, இந்தப் பார்சலை மட்டும்’ என்று வருவார்கள். தஞ்சாவூர்த் தமிழ் பேசினாலும், சாக்லெட் டப்பா என்றாலும் தொடாதீர்கள். ‘குருவி’களாக, அதாவது கடத்தல் பொருள் சுமக்க, ஆள் பிடிப்பது அப்படித்தான். பெட்டி உங்கள் பெயரில் இருந்தால் பிடிபடுவதும் நீங்கள்தான்.