வென்டிலேட்டரில் இருக்கும் அப்பாவை எக்மோவுக்கு மாற்றலாமா?

கேள்வி: நிமோனியாவால் நுரையீரல் பாதிக்கப்பட்டு, 56 வயதான அப்பா ஆறு நாளாக வென்டிலேட்டரில் இருக்கிறார். குப்புறப் படுக்க வைத்ததில் முகமெல்லாம் வீங்கிவிட்டது. மானிட்டரில் ஆக்சிஜன் 91-தான் காட்டுகிறது. வேறொரு மருத்துவமனையிலிருந்து பேசுவதாக ஒருவர் போன் செய்து, ‘ஏழு நாள் தாண்டினால் எக்மோ போட மாட்டார்கள், இன்றே மாற்றுங்கள்’ என்கிறார். மாற்றலாமா? காலையில் எடுத்த ஏபிஜி (ரத்த வாயுப் பரிசோதனை) சீட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: இன்றைய நிலையில் வேண்டாம். ரத்தத்தை வெளியே எடுத்து, கருவியில் ஆக்சிஜன் ஏற்றி, மறுபடி உடலுக்குள் செலுத்துவதுதான் எக்மோ.

காரணம் நீங்கள் அனுப்பிய சீட்டிலேயே இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் 78 (மானிட்டர் காட்டும் 91 சதவீதம் வேறு அளவு). வென்டிலேட்டர் கொடுக்கும் ஆக்சிஜன் 60 சதவீதம், அதாவது 0.6. 78-ஐ 0.6-ஆல் வகுத்தால் 130. இந்த எண் 100-க்கு வந்தால்தான் ‘கடுமை’ என்று வகைப்படுத்துகிறோம். 130-உம் நல்ல எண் இல்லைதான். ஆனால் 150-க்குக் கீழே போனால் முதலில் செய்ய வேண்டியது, நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைப்பது. 2013-இல் வெளியான பெரிய ஆய்வில், இப்படிச் செய்ததில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 33 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தார்கள். உங்கள் மருத்துவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

முக வீக்கம் மல்லாத்திய பிறகு ஓரிரு நாளில் வடிந்துவிடும். கண்களை மூடி மருந்து வைத்திருக்கிறார்களா, கன்னத்திலும் தாடையிலும் புண் வராமல் தலையை இரண்டு மணிக்கொரு முறை திருப்பி வைக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள். மானிட்டரில் காட்டும் 91-ம் சரிதான், 88-க்கும் 95-க்கும் நடுவில் இருந்தால் போதும். 100-ஐப் பார்க்க ஆசைப்பட்டு வென்டிலேட்டரின் அழுத்தத்தை ஏற்றச் சொல்லாதீர்கள். விறைத்துப்போன நுரையீரல் அழுத்தம் கூடினால் கிழியும். காற்று கசிந்து நெஞ்சுக்குள் தேங்கி, சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ஒரு மூச்சுக்கு எத்தனை மில்லி காற்று கொடுக்கிறார்கள்? இதை உடல் எடையை வைத்துக் கணக்கிடக் கூடாது, உயரத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். 165 சென்டிமீட்டர் உயர ஆணுக்குக் கணக்கு எடை 61.5 கிலோ, கிலோவுக்கு 6 மில்லி வீதம் சுமார் 370 மில்லி. அவரே 85 கிலோ இருந்து, அந்த எடைக்குப் போட்டால் 510 மில்லி. தொப்பை பெருத்தால் நுரையீரலும் பெருக்குமா என்ன? காற்று உள்ளே போய் முடிந்ததும் நுரையீரலில் அழுத்தம் 30-க்குள் நிற்கிறதா என்பதையும் கேளுங்கள். ஐசியூ வாசலில் ‘க்ரிட்டிகல்’ என்ற ஒற்றைச் சொல்லோடு குடும்பத்தை அனுப்பிவிடும் வழக்கத்தை எத்தனை காலம்தான் சகிப்பது! இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க இரண்டு நிமிடம் ஆகாது. குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாத அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறார்.

போன் செய்தவரிடம் அப்பாவின் ஏபிஜி எண்ணைக் கேட்டுப் பாருங்கள். தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் உள்ளேயிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது இன்னும் மோசம். நோயாளியைப் பார்க்காமலே படுக்கை பேசுகிறவர், முன்பணம் கேட்கிறவர், ‘ஸ்டெம் செல் ஊசியும் உண்டு’ என்கிறவர் எல்லாருமே கமிஷன்காரர்கள். அந்த ஊசியால் இந்த நோயில் உயிர் பிழைப்பது கூடுகிறது என்பதற்கு நிரூபணம் இல்லை.

ஆனால் அவர் சொன்ன ‘ஏழு நாள்’ முழுப் பொய்யில்லை. அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். எக்மோ தேவைப்படுகிறவர்கள் நிஜமாகவே உண்டு. ஆக்சிஜனை 80 சதவீதத்துக்கு மேல் வைத்தும், பீப் அழுத்தம் (மூச்சு வெளியேறிய பிறகும் காற்றறைகள் மூடாமல் வென்டிலேட்டர் தக்கவைக்கும் அழுத்தம்) 10-க்குக் குறையாமல் இருந்தும், குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தும், நான் மேலே வகுத்துக் காட்டிய எண் 80-க்குக் கீழே ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றால், அல்லது 50-க்குக் கீழே மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால், எக்மோவைப் பேசியாக வேண்டும். ஆக்சிஜன் ஓரளவு இருந்தும் கரியமில வாயு 60-ஐத் தொட்டு, ரத்தத்தின் பிஎச் 7.25-க்குக் கீழே ஆறு மணி நேரம் கிடந்தாலும் அப்படியே. அப்போது வென்டிலேட்டர் போட்ட முதல் ஏழு நாட்களுக்குள் என்பதற்குப் பொருள் உண்டு. அதற்குப் பிறகு நுரையீரல் மீளும் வாய்ப்பு குறைகிறது. உங்கள் அப்பாவின் 130 இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. நாளை 80-க்குக் கீழே இறங்கினால் உங்கள் மருத்துவரே எக்மோ மையத்து மருத்துவரிடம் நேரில் பேச வேண்டும். இடையில் மூன்றாம் ஆள் கூடாது. அந்தக் குழு இங்கேயே வந்து எக்மோவைப் பொருத்திய பிறகு கொண்டுபோவது இன்னும் பாதுகாப்பு.

அப்படி மாற்ற நேர்ந்தால், சாதாரண ஆம்புலன்ஸில் கையால் பலூன் அழுத்திக்கொண்டு போக ஒப்புக்கொள்ளாதீர்கள். ட்யூபைக் கழற்றிய அந்த நொடியே பீப் போய், திறந்திருந்த காற்றறைகள் சுருங்கிவிடும். மறுபடி திறக்க மணிக்கணக்காகலாம். பயண வென்டிலேட்டருக்கு மாற்றும்போது ட்யூபைக் கிளாம்ப் போட்டு அடைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அதில் அரை மணி நேரம் ஐசியூவிலேயே வைத்துப் பார்த்து, எண்கள் நிலைத்த பிறகே வண்டி கிளம்ப வேண்டும். ஆக்சிஜன், கணக்குக்கு இருமடங்கு: நிமிடத்துக்கு 10 லிட்டர், பயணம் இரண்டு மணி நேரம் என்றால் 1,200 லிட்டர் செலவாகும், கையில் 2,400 லிட்டர் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிற வண்டிக்காரரை அனுப்பிவிடுங்கள்.