கேரவன் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

கேள்வி: எனக்கு 58 வயது, மனைவிக்கு 55. அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறேன். கிராமப்புறச் சாலைகளில் கிளம்பி, கடலோரமாகவே போய்த் திரும்பும் 75 நாள் கேரவன் பயணம் எங்கள் இருவருக்கும் பல வருட ஆசை. காரின் பின்னால் இழுத்துப் போகும் புது கேரவன் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். முழுப் பணம் கொடுத்தால் ஓய்வுக்காலச் சேமிப்பில் கால் பங்கு போய்விடும். 20 சதவீதம் முன்பணம் கட்டினால், மீதிக்கு 10 சதவீத வட்டியில் ஏழு வருடக் கடன் தருவதாகவும் சொல்கிறார்கள். வாடகை என்றால் ஓர் இரவுக்கு, விலையில் 250-ல் ஒரு பங்கு ஆகிறது. "வாடகை போன பணம், வாங்கினால் சொத்து" என்கிறான் மகன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்துக்குக் கட்டாயம் போய் வாருங்கள். உடம்பு ஒத்துழைக்கும் வயதில் இருவருக்கும் ஒரே ஆசை இருப்பது பெரிய விஷயம். நாம் பேச வேண்டியது வண்டியைப் பற்றி மட்டும்தான்.

மகன் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் கேரவனைச் சொத்துக் கணக்கில் சேர்க்க முடியாது. நின்றாலும் தேயும், ஓடினாலும் தேயும். அதனால் அதன் விலையைப் பார்க்காமல், அதில் எத்தனை இரவு தூங்கப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

கேரவன் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் வைத்திருந்து 75-க்கு விற்பதாக நினைப்போம். இது என் ஊகம்தான், கூடலாம், குறையலாம். அப்போதே 25 போய்விட்டது. இன்சூரன்ஸ், சர்வீஸ், நிறுத்தும் இடத்துக்கான வாடகை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 4 என்றால், அது ஒரு 8. அந்த 100-ஐ 6 சதவீத வட்டியில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் 12-ம் போச்சு. மொத்தம் 45. உங்கள் வாடகை ஓர் இரவுக்கு 0.4. வகுத்துப் பாருங்கள், 113 இரவு வருகிறது. இரண்டு வருடத்தில் அத்தனை இரவு அதில் தூங்கினால்தான் வாங்கியது கட்டுபடியாகும். நீங்கள் உறுதியாகச் சொல்வது 75 இரவு. அதற்கு வாடகை 30 தான். பெட்ரோலும் தங்குமிடக் கட்டணமும் இரண்டு வழியிலும் ஒன்றுதான் என்பதால் சேர்க்கவில்லை.

கடன் வேண்டவே வேண்டாம். 80-ஐ ஏழு வருடத்துக்கு 10 சதவீதத்தில் வாங்கினால், கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் ஏறக்குறைய 32 ஆகியிருக்கும். மூன்று வருடம் தவறாமல் தவணை கட்டிய பிறகும் 52 பாக்கி நிற்கும். அந்த நேரத்தில் முதுகுவலி வந்து விற்க நினைத்தால், கைக்கு வரும் பணம் கடனை அடைக்கவே சரியாகப் போய்விடலாம். சம்பளம் நின்ற பிறகு மாதத் தவணை கட்டுவது எவ்வளவு மனவுளைச்சல் என்பதை என்னிடம் வருபவர்களின் முகத்திலேயே பார்த்திருக்கிறேன். சேமிப்பிலிருந்து எடுப்பதும் லேசான விஷயம் இல்லை. ஓய்வின் முதல் வருடத்திலேயே கால் பங்கை எடுத்தால், அந்தச் சேமிப்பு தரும் மாத வருமானமும் கால் பங்கு குறையும், அதுவும் ஆயுள் முழுக்க.

சரி, வாடகை என்றே வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நிதானமாகப் படியுங்கள். விபத்து நடந்தால் உங்கள் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு, மண் சாலையிலும் கடற்கரை மணலிலும் ஓட்ட அனுமதி உண்டா, எவ்வளவு எடை ஏற்றலாம். எடையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 100 கிலோ. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றி விபத்தானால் இன்சூரன்ஸ் பணம் வருவதே சந்தேகம்.

எரிபொருளில் மிச்சம் பிடிக்க நல்ல வழி மெதுவாகப் போவது. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80 கிலோமீட்டர் வேகத்தை விட 100-ல் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். ஓர் இடத்தில் ஒரே இரவு தங்கி ஓடாமல், நான்கு நாள் இருந்து பாருங்கள். செலவும் குறையும், கடலையும் ஆற அமரப் பார்க்கலாம்.

இதெல்லாம் முடிந்து, வருடா வருடம் போகத்தான் போகிறோம் என்று இருவருக்கும் தோன்றினால், அப்புறம் பழைய கேரவன் ஒன்றை ரொக்கமாக வாங்குங்கள். ஒரு தம்பதிக்காக நான் கூடவே போய்ப் பார்த்த வண்டியில், உள்ளே நுழைந்ததும் வாசனைத் திரவிய நெடி தூக்கியடித்தது. ஜன்னலின் கீழ் மூலையில் கட்டைவிரலால் அழுத்தினேன். சுவர் ஊறிய அட்டை மாதிரி அமுங்கியது. உள்ளே தண்ணீர் இறங்கி மரச்சட்டம் அழுகிப்போயிருந்தது. இப்படி ஒவ்வொரு மூலையையும் அழுத்திப் பாருங்கள். குனிந்து அடிச்சட்டத்தையும் பாருங்கள், கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்று அங்கேதான் துருவைக் கிளப்பும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. கேரவன் நின்றே கிடப்பதால், மேல்பட்டை தேயாமலே ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும். ஆறேழு வயதான டயர் என்றால் புது டயர் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பயணப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். மருத்துவத்துக்கும் அவசரத்துக்கும் வைத்திருக்கும் பணத்தை அதோடு கலக்க வேண்டாம். 75 நாளுக்கு முன்பதிவு செய்யும் முன், ஒரே ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் போய்ப் பாருங்கள். கூட்டமில்லாத பருவத்தில் வாடகையும் குறைவாக இருக்கும். மழை வருகிற வாரமாக இருந்தால் இன்னும் நல்லது; கதவை அடைத்துக்கொண்டு அந்தச் சின்ன இடத்தில் இருவரும் இரண்டு நாள் இருந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.